கஸ்டமர் கேரில் மனுஷக் குரல் கிடைக்குமா?



கொஞ்ச நாட்களாக எனக்கு வரும் கடிதங்களில் சமையல் சந்தேகங்கள் குறைந்துவிட்டன. அந்த இடத்தைக் கைபேசியில் பணம் அனுப்பும் செயலிகள் பிடித்துக்கொண்டன. "கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, கடைக்காரருக்குச் சேரவில்லை. யாரைக் கேட்பது?" என்று ஒருவர். "உதவி என்ற பொத்தானை அழுத்தினால் ஏதோ யந்திரம் பதில் சொல்கிறது. நான் கேட்பது ஒன்று, அது சொல்வது ஒன்று" என்று இன்னொருவர். "ஒரே ஒரு மனுஷர் வந்து பேசினால் போதும் அக்கா, எனக்குப் பாதி பாரம் இறங்கிவிடும்" என்று மூன்றாமவர்.

இந்த மூன்றாவது கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நியாயமான ஆசைதான். ஆனால், சகோதரி, இந்த ஆசையை நம்பித்தான் இன்றைக்கு ஒரு திருட்டுக் கூட்டமே பிழைப்பு நடத்துகிறது. ஆகவே மனிதக் குரலை எங்கே தேடலாம், எங்கே தேடவே கூடாது என்பதை இந்த முறை விவரமாக எழுதிவிடுகிறேன். வீட்டுக்காரரும் கூட உட்கார்ந்து படித்தால் நல்லது.

பணம் இருப்பது எங்கே?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். யு.பி.ஐ. முறையில் பணம் அனுப்ப நாம் பயன்படுத்தும் பல செயலிகள் வங்கியே அல்ல. அவை வாசற்கதவு மாதிரி. பெட்டி உள்ளே, நம் வங்கியில் இருக்கிறது. 2016-ல் தொடங்கிய இந்த யு.பி.ஐ. முறையை நடத்துவது தேசியக் கொடுப்பனவுக் கழகம். நீங்கள் நூறு ரூபாய் அனுப்பினால் அந்தச் செயலி, அதற்குத் துணையாக நிற்கும் ஒரு வங்கி, உங்கள் வங்கி, வாங்குகிறவரின் வங்கி என்று இத்தனை பேர் கை மாறித்தான் செய்தி போகிறது. நடுவில் ஓர் இடத்தில் தடங்கல் என்றால், "உங்கள் பணம் நிலுவையில் உள்ளது" என்று செயலி ஒரு வரி காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். 

கோடிக்கணக்கான பேர் உபயோகிக்கிற செயலிக்கு ஆளுக்கொரு பதில் சொல்ல ஊழியர் வைத்துக் கட்டுப்படியாகாது. அதனால்தான் அரட்டைப் பெட்டியில் யந்திரத்தை உட்கார வைத்திருக்கிறார்கள். அதனிடம் போய் அழுது பிரயோசனமில்லை. ஆனால் உங்கள் பணம் எந்த வங்கியில் இருக்கிறதோ அந்த வங்கிக்கு ஒரு கிளை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, நாற்காலியில் ஒரு மனிதர் இருக்கிறார். அவருக்கு உங்களிடம் பதில் சொல்லும் பொறுப்பும் இருக்கிறது. நம்மில் பலர் மறந்துபோவது இதைத்தான். 

"வாலட்" என்று சொல்லும் பணப்பையில் முன்கூட்டியே பணம் போட்டு வைத்திருந்தால் மட்டும் விஷயம் வேறு. அந்தப் பணம் அந்த நிறுவனத்திடமே இருக்கிறது. அதற்கு அவர்களே பொறுப்பு.

கீழ்வீட்டில் நடந்தது

எங்கள் கீழ்வீட்டில் ஒரு சின்னப் பெண் குடியிருக்கிறாள். இரண்டு குழந்தைகள். கணவருக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. ஷிப்டுக்குள் போனால் போனைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட வேண்டுமாம். போன ஜூனில் ஒரு நாள் சாயங்காலம், இடுப்பில் கைக்குழந்தையோடு மேலே ஓடி வந்தாள்.

"அக்கா, பெரியவனோட ஸ்கூல் பஸ் பீஸ் 7,400 ரூபா. அவங்க ஆபீஸ்ல ஒட்டியிருந்த அட்டையை ஸ்கேன் பண்ணித்தான் கட்டினேன். என் கணக்குல கழிஞ்சிடுச்சு. அவங்க வரலைன்றாங்க. நாளைக்குக் கடைசி நாளாம்."

செயலியின் அரட்டைப் பெட்டியைக் காட்டினாள். இவள் பத்து வரி எழுதியிருக்கிறாள். அது, "உங்களுக்கு உதவுவதில் மகிழ்ச்சி" என்று சொல்லி நான்கு கட்டங்களைக் காட்டுகிறது. எந்தக் கட்டமும் இவள் பிரச்னைக்குப் பொருந்தவில்லை. மறுபடி எழுதினால் மறுபடியும் மகிழ்ச்சி!

நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் இணையத்தில் தேடி ஒரு கஸ்டமர் கேர் நம்பரைப் பிடித்துவிட்டாள். ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள். நல்ல தமிழ், தேன் ஒழுகும் குரல். "கவலையே படாதீங்க மேடம், உங்க ரீபண்ட் ரெடியா இருக்கு. ஒரு சின்ன ஆப் மட்டும் இறக்கிக்கோங்க. நான் பக்கத்துல இருந்து சொல்ற மாதிரி ஒவ்வொண்ணா சொல்லித் தரேன்."

நான் கையைக் காட்டி, "வை, போனை வை" என்றேன். வைத்தாள். ஆனால் முகம் சிவந்துவிட்டது. "என்னக்கா நீங்க! மூணு மணி நேரமா அல்லாடி இப்பத்தான் ஒரு மனுஷன் கிடைச்சாரு. அதையும் வைக்கச் சொல்றீங்களே" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். குழந்தையும் கூடச் சேர்ந்து அழுதது. அதற்குள் அதே ஆள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

"ஏண்டி, நிஜக் கம்பெனிக்காரன் எவனாவது தானாக இத்தனை தரம் கூப்பிடுவானா?" என்று கேட்டேன். அப்போதுதான் யோசித்தாள். அந்தக் கணக்கில் மிச்சம் எவ்வளவு இருந்தது தெரியுமோ? சீட்டு எடுத்த பணம், 40,000 ரூபாய்.

மறுநாள் காலை இரண்டு பேருமாக அவள் வங்கிக் கிளைக்குப் போனோம். கொஞ்ச நேரம் காத்திருந்தோம். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், அதிகாரி, கணினியில் பார்த்துவிட்டு, "உங்க கணக்குலேர்ந்து போயிருக்கும்மா, அந்தப் பக்கம் உறுதியாகலை. கடை, பள்ளிக்கூடம் மாதிரி இடத்துக்குக் கட்டினதுன்னா திரும்ப அஞ்சு நாள் வரைக்கும் ஆகலாம். புகார் எழுதிக் கொடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தோம். நகலில் சீல் போட்டு, புகார் எண் எழுதித் தந்தார். 

அந்தக் காகிதத்தைப் பள்ளிக்கூட ஆபீசில் காட்டியதும், "சரி, வந்ததும் கட்டுங்க" என்று ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். நாலாம் நாள் பணம் தானாகத் திரும்பி வந்தது.

"தானாக வருகிற பணத்துக்கு ஏன் வங்கிக்கு நடந்தீர்கள்?" என்று கேட்கலாம். அவளைக் கேட்டால் சொல்வாள்: "அந்தச் சீல் வச்ச காகிதம் கையில இருந்ததாலதான்க்கா நான் அன்னிக்கு ராத்திரி தூங்கினேன்."

உடனே கிடைக்கும் குரல்

இந்தத் திருடர்கள் செய்வது இதுதான். பெரிய வங்கிகள், செயலிகளின் பெயரில் பொய்யான எண்களை இணையத்தில், வரைபடப் பக்கத்தில், முகநூல் பின்னூட்டங்களில் போட்டு வைக்கிறார்கள். வலை விரித்துவிட்டு நாம் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறார்கள். அவர்கள் நம்மைத் தேடி வரவில்லை, நாம்தான் கூப்பிட்டோம் என்பதால் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. 

அவர்கள் இறக்கச் சொல்லும் அந்தச் "சின்ன ஆப்" உங்கள் கைபேசித் திரையை அவர்களுக்கு அப்படியே காட்டிவிடும். நீங்கள் அடிக்கிற எண்ணும் வருகிற ஓ.டி.பி.யும் அவர்கள் கண்ணெதிரே. 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இப்படிப்பட்ட ஒரு செயலியின் பெயரைச் சொல்லியே வங்கிகளை எச்சரித்தது.

ஆகவே ஒரு சுலபமான அடையாளம் சொல்கிறேன். நிஜ கஸ்டமர் கேரில் காத்திருக்க வேண்டியிருக்கும். "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்று அலுப்பூட்டும். ஒரே மணியில் எடுத்து, உங்கள் கஷ்டத்தைக் கேட்டு உருகி, இந்த நிமிஷமே பணம் தருகிறேன் என்கிற குரலைக் கண்டால் உடனே வைத்துவிடுங்கள். யார் கேட்டாலும் கீழே உள்ள நான்கும் கிடையாது:

● பின் எண்ணும் ஓ.டி.பி.யும் சொல்வது கிடையாது. 
● பணம் திரும்ப வருவதற்காகப் பின் எண்ணை அடிப்பது கிடையாது. பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான் பின் எண். பணம் வாங்க அது தேவையே இல்லை.
● அவர்கள் சொல்லும் செயலியை இறக்குவது, அவர்கள் அனுப்பும் இணைப்பைத் தொடுவது கிடையாது.
● "சோதனைக்காக ஒரு ரூபாய் அனுப்புங்கள்" என்றாலும் கிடையாது.

நிஜ மனிதரைப் பிடிக்கும் வழி

இனி முறையான வழியைச் சொல்கிறேன். வரிசையாகச் செய்யுங்கள். 

முதலில் செயலியில் பழைய வரவு செலவுப் பட்டியலைத் திறந்து, தகராறான அந்த ஒரு பரிமாற்றத்தைத் தொடுங்கள். தேதி, நேரம், தொகை, 12 இலக்கப் பரிமாற்ற எண் எல்லாம் இருக்கும். இந்த 12 இலக்க எண்தான் உங்களுக்கு ஜாதகம் மாதிரி. அதை வைத்துத்தான் எந்த வங்கியிலும் தேடுவார்கள். ஸ்கிரீன் ஷாட் எடுப்பதோடு ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். 

அடுத்து, அந்தப் பரிமாற்றப் பக்கத்திலேயே இருக்கும் உதவி அல்லது புகார் பொத்தானை அழுத்துங்கள். முகப்பில் இருக்கும் பொதுவான உதவிப் பக்கத்துக்குப் போனால்தான் யந்திரம் சுற்ற விடுகிறது. குறிப்பிட்ட பரிமாற்றத்திலிருந்து போனால் புகார் பதிவாகி ஓர் எண் வரும். அரட்டைப் பெட்டியில் கதை வேண்டாம். "இந்தத் தேதி, இவ்வளவு ரூபாய், சேரவில்லை, ஊழியரிடம் பேச வேண்டும்" என்று ஒற்றை வரி போதும். சில செயலிகளில் இப்படி எழுதினால் ஆளிடம் மாற்றிவிடுகிறார்கள். மாற்றாவிட்டால் அதோடு மல்லுக்கு நிற்காமல் அடுத்த படிக்குப் போய்விடுங்கள்.

போனில்தான் பேச வேண்டும் என்றால் எண்ணை நான்கு இடங்களிலிருந்து மட்டும் எடுங்கள். செயலியின் உள்ளே, வங்கி அட்டையின் பின்புறம், பாஸ்புக், வங்கியின் சொந்த இணையதளம். தேடிக் கிடைத்த எண் வேண்டவே வேண்டாம். கோபத்தில் பொதுவெளியில் புகார் எழுதி உங்கள் போன் நம்பரையும் போட்டுவிடாதீர்கள். கம்பெனி பெயரில் முதலில் பதில் போடுகிறவன் பெரும்பாலும் திருடன்தான். 

இதற்கும் மசியவில்லையா? கிளைக்கு நேரில் போங்கள். கிளையில் தீரவில்லை என்றால் ஒவ்வொரு வங்கிக்கும் முதன்மை நோடல் அதிகாரி என்று ஒருவர் உண்டு. அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் வங்கியின் இணையதளத்தில் இருக்கும். செயலி நிறுவனங்களுக்கும் குறைதீர் அதிகாரி உண்டு. செயலியின் அடிப்பக்கத்தில் நாம் படிக்காமலே விட்டுவிடும் சின்ன எழுத்துக்களில் தேடினால் கிடைப்பார்.

புகாரைத் தமிழிலேயே எழுதலாம். கூச்சமே வேண்டாம். மாதிரி இதோ:

"மதிப்புக்குரிய மானேஜர் அவர்களுக்கு, என் சேமிப்புக் கணக்கு எண் ----. ---- தேதி ---- மணிக்கு யு.பி.ஐ. மூலம் ரூ. ---- செலுத்தினேன். பரிமாற்ற எண் ----. என் கணக்கில் கழிந்துவிட்டது. பெறுபவருக்குச் சேரவில்லை. செயலியில் ---- தேதி புகார் செய்தேன், புகார் எண் ----. தொகையைத் திரும்ப வரவு வைக்கவும், தாமதத்துக்கு உரிய இழப்பீட்டைத் தரவும் வேண்டுகிறேன். நகலில் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் இட்டுத் தரவும்."

இழப்பீடு என்றதும் வியப்பாக இருக்கிறதா? 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஓர் ஒழுங்கு கொண்டுவந்தது. யு.பி.ஐ. வழியாகத் தனி நபருக்கு அனுப்பிய பணம் கழிந்து, அவருக்குச் சேராவிட்டால் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடை முதலிய இடங்களுக்குக் கட்டியது உறுதியாகாவிட்டால் 5 நாளுக்குள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதைக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தால் எதிரில் இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். எனக்கு அனுபவம்!

தவறான எண்ணுக்கு நீங்களே அனுப்பிவிட்டால் இந்த 100 ரூபாய் கிடையாது. அப்போதும் உடனே உங்கள் வங்கியில் எழுதிக் கொடுங்கள். வாங்கியவரின் வங்கி மூலம் அவரிடம் கேட்பார்கள். அவர் சம்மதித்தால்தான் திரும்பும், ஆகவே தாமதம் கூடாது.

முப்பது நாளும் மௌனமாக இருந்தால்

எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 2021 நவம்பரில் வங்கிகள், நிதி நிறுவனங்கள், வாலட் நிறுவனங்கள் எல்லாவற்றுக்குமாக இதை ஒரே திட்டமாக்கினார்கள். காசு கட்ட வேண்டாம், வக்கீலும் வேண்டாம். 14448 என்ற எண்ணில் தமிழிலும் விவரம் கேட்கலாம். ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் பதியலாம். இணையம் கைவராதவர்கள் சண்டிகரில் இருக்கும் அவர்களுடைய மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். வங்கியில் முதலில் புகார் செய்யாமல் நேரே இங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்குத்தான் அந்த நகல், அந்தச் சீல், அந்தத் தேதி.

பணம் பறிபோனால்

இதுவரை சொன்னது வழியில் மாட்டிக்கொண்ட பணத்துக்கு. திருடன் கையில் போன பணத்துக்கு வழி வேறு. அங்கே நாள் கணக்கு பார்க்கக் கூடாது, நிமிஷக் கணக்கு. கஸ்டமர் கேரைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்ற உதவி எண் இது. இரவு பகல் எந்நேரமும் உண்டு. எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிமாற்ற எண் என்ன என்று கேட்பார்கள். திருடிய பணத்தை அவர்கள் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். எடுத்துச் செலவழிப்பதற்குள் சொல்லிவிட்டால் நடுவிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

கையோடு வங்கிக்கும் சொல்லிக் கணக்கை நிறுத்தி வையுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதித்த நெறியில் ஒரு முக்கியமான விஷயம்: நம் கவனக்குறைவால் போனது நம் தலையில் விழுந்தாலும், வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு போகிற பணத்துக்கு வங்கியே பொறுப்பு. ஆகவே சொன்ன நேரம் மிகமிக முக்கியம். புகார் எண்ணையும் மணியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் நம் பெண்களுக்கு ஒரு பெரிய தடை இருக்கிறது. பயம். "அவர் வந்ததும் சொல்லலாம்", "மாமியாருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ", "நான்தானே ஏமாந்தேன்" என்று ராத்திரி முழுக்க மனசுக்குள் வைத்துக்கொண்டு மறுநாள் சொல்கிறார்கள். அந்த ஒரு ராத்திரிதான் திருடனுக்கு வேண்டியது. முதலில் 1930, பிறகு வங்கி, அதற்கப்புறம் வீட்டில் திட்டு வாங்கிக்கொள்ளலாம். வீட்டிலிருக்கும் ஆண்களுக்கும் பெரியவர்களுக்கும் என் வேண்டுகோள்: பணம் போச்சு என்று அவள் வந்து சொன்னால் முதல் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் கூட உட்கார்ந்து போன் போட உதவுங்கள். கோபம் எங்கேயும் ஓடிவிடாது.

இன்றைக்கே ஒரு சின்ன வேலை செய்யுங்கள். மளிகை லிஸ்ட் ஒட்டும் அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு காகிதம் ஒட்டி, அதில் உங்கள் வங்கிக் கிளையின் பெயர், அட்டையின் பின்புறம் உள்ள எண், 1930, 14448 நான்கையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கணக்கு எண்ணும் பின் எண்ணும் வேண்டாம். கண்ணாடியில்லாமல் மாமியாரும் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவும் இப்போது போனில்தான் சம்பளம் வாங்குகிறார். அவருக்கும் ஒரு நகல் எழுதிக் கொடுங்கள்.

அடுத்த இதழில், வீட்டில் பெரியவர்கள் பெயரில் இருக்கும் கணக்குக்கு வாரிசு நியமனம் செய்வதைப் பற்றி எழுதுகிறேன். சந்தேகங்களை இப்போதே எழுதி அனுப்புங்கள்.